நான் அளக்காத நான்கு இடங்கள்

கயலு,

உங்கள் ஆலையின் மெயின் கேட்டுக்கு எதிரே, ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மணி பத்தே முக்கால். சிதம்பரத்தில் எட்டரை மணி பஸ்ஸைப் பிடித்து வந்தேன். செக்யூரிட்டியிடம் உன் பெயரைச் சொல்லி, நான் அவளுடைய அப்பா, ஐந்து நிமிஷம் வெளியே வரச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். "ஷட்டவுன் நேரம் சார், உள்ள போனவங்கள நடுவுல கூப்புட முடியாது. ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு வருவாங்க, அப்பப் பாத்துக்குங்க" என்றார். உன் போன் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிற லாக்கரில்தான் கிடக்கிறது. மனுஷன் நல்லவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்ல யாருக்காச்சும் ஒடம்பு கிடம்பு சரியில்லையா? அப்படின்னா சொல்லுங்க, உள்ள தகவல் சொல்லிப் பாக்குறேன்" என்று அவராகவே வழி காட்டினார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ பதறிக்கொண்டு ஓடி வந்திருப்பாய். உன்னிடம் இன்னொரு பொய் சொல்ல மனம் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி இங்கே வந்து உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு நீ கையெழுத்துப் போட வேண்டும். நாளைக் காலையில் அந்தக் குழாய் லைனில் ஆசிட் விடப் போகிறார்கள். நடுவில் எனக்கு இருப்பது உன் சாப்பாட்டு நேரம் ஒன்றுதான்.

நேரில் சொல்வதை விட்டுவிட்டு ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். நேற்று சாயங்காலம் நீ போனில் கேட்டபோது என் வாய் என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். யோசிக்கக்கூட இல்லை, அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. ஒரு மணிக்கு நீ ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்து நின்றால் அது மறுபடியும் என்ன சொல்லுமோ, எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை. காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் பின்வாங்க முடியாது, அதனால்தான்.

நேற்று நீ பேசியது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. "அப்பா, எட்டு வருஷத்துக்கு முன்னாடி இங்க திக்னஸ் ரிப்போர்ட் போட்டது நீதானே? கீழ ஒன் கையெழுத்து இருக்குப்பா!" என்றாய். உன் குரலில் அவ்வளவு பெருமை. ஆமாம்மா என்றேன். "ஒரு டவுட்டு. ஆசிட் லைன் எல்போல ஒம்போது மணிப் பக்கம் எப்படிப்பா ப்ரோப் வெச்ச? தூணுக்கும் பைப்புக்கும் நடுவுல ரெண்டு வெரல்கூட போவாது போலருக்கே. கீழேருந்து டார்ச் அடிச்சுப் பாத்தேன்" என்றாய். நான் சொன்னேன்: "அப்ப அந்தத் தூணு கெடையாதும்மா. அப்புறமாப் போட்டுருப்பாங்க." நீ உடனே நம்பினாய். "அதானே பாத்தேன்! சாரம் பத்தல, அந்த எல்போவ மட்டும் அடுத்த ஷட்டவுனுக்குத் தள்ளலாமான்னு கேக்குறாங்கப்பா. நடுவுல ஒரு ஷட்டவுன்ல வந்தவங்களும் ஒன் ரிப்போர்ட்ட வெச்சுத்தான் தள்ளிருக்காங்க. வேற யாரு ரீடிங்கா இருந்தாலும் ஏறிப் பாத்துட்டுதான் சொல்லுவேன். ஒன்னுதுங்கறதால கையெழுத்துப் போட்டுறலாம்னு இருக்கேன்." இப்படிச் சொல்லிவிட்டு, அம்மா என்ன சமைத்தாள் என்று கேட்டாய். நான் என்ன பதில் சொன்னேன் என்பது மட்டும் ஞாபகம் இல்லை.

கயலு, அந்தத் தூண் அப்போதும் இருந்தது. ஆலை கட்டியபோதே போட்ட தூண் அது. அன்றைக்கு என் மழைக்கோட்டை அதில்தான் மாட்டி வைத்திருந்தேன். நான் அந்த எல்போ பக்கமே ஏறவில்லை. கடிகாரத்தில் இருப்பதுபோலப் பன்னிரண்டு மணி, மூன்று மணி, ஆறு மணி, ஒன்பது மணி என்று அந்தக் குழாய் வளைவைச் சுற்றி நான்கு இடத்துக்கு நான் எழுதிய நான்கு ரீடிங்கும் நான் எடுக்காதவை. இந்தக் கடிதத்தில் இதற்கு மேல் நீ எதையும் படிக்காமல் போனாலும் இதைப் படித்துவிடு.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். பெரிய காரணம் ஒன்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. உனக்குக் காய்ச்சல், அம்மாவுக்கு ஆபரேஷன் என்று எதையாவது சொன்னால் நீயும் மன்னித்துவிடுவாய். அப்படி ஒன்றும் இல்லை. ஷட்டவுனின் கடைசி நாள். காலையிலிருந்து தூறல். பட்டியலில் எழுபத்திரண்டு இடங்கள். மதியத்துக்குள் அறுபத்தெட்டை அளந்துவிட்டேன். அந்த அறுபத்தெட்டும் சத்தியமாக நானே ஏறி, துரு சுரண்டி, ஜெல் தடவி, மிஷினின் ப்ரோப்பை வைத்து எடுத்தவை. பாக்கி அந்த ஒரு எல்போ. சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால் அதற்குக் கட்டியிருந்த சாரத்தைப் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். சூப்பர்வைசரிடம் போய், "சாரத்தப் பிரிச்சிட்டாங்களே சார்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்யா, இத மொதல்லயே முடிச்சிருக்கக் கூடாதா? இப்பப் போயி எவன் கட்டுவான்?" என்று ஒரு கத்து கத்தினார். அங்கே நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அவமானமாகிவிட்டது. அவர் கட்டமாட்டேன் என்று சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு முறை கேட்டிருந்தால் திட்டிக்கொண்டே கட்டிக் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை.

நேராக இந்தக் கடைக்கு வந்தேன். டீ சொன்னேன். எங்கள் ஆட்களுக்குள் இதற்கு ‘டீக்கடை ரீடிங்’ என்று பெயரே உண்டு. உங்கள் காலத்தில் வேறு பெயர் வைத்திருப்பார்கள். அதற்கு முந்தைய ரிப்போர்ட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டியது, அதில் இருப்பதிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் குறைத்து எழுத வேண்டியது. 7.9, 8.0, 7.8, 8.1 என்று எழுதினேன். ஒன்பது மணிக்குப் பழைய ரிப்போர்ட்டில் எண்ணே இல்லை, விட்டுப்போயிருக்கும் என்று அதையும் நானே போட்டேன். நான்கும் ஒன்றுபோல இருந்தால் சந்தேகம் வருமே! வளைவின் வெளிப்பக்கம்தான் அதிகம் தேயும் என்பதால் அந்த இடத்துக்கு யோசித்து 7.8 போட்டேன். பொய் எழுதுவதில் அவ்வளவு அக்கறை. சாரம் கேட்பதற்கு அதில் கால்வாசி அக்கறை இருந்திருந்தால் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். ஒன்பது மணிப் பக்கம் தூணை ஒட்டி இருக்கிறது, அங்கே கை போகாது என்பது ஏறிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். எட்டு வருஷமாக யார் கண்ணிலும் படாதது நீ கீழேயிருந்து டார்ச் அடித்ததும் பட்டுவிட்டது. அதை நினைத்துப் பெருமைப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

தெரியாது, பார்க்கவில்லை என்று சொல்வதற்கு எனக்கு எப்போதுமே வாய் வராது. உன் அம்மாவைப் பெண் பார்க்க அண்ணாகிராமம் போன கதையை உன் பெரிய மாமா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே, அதிலும் இதுதான் இருக்கிறது. "மாப்ள, என்னா வேலன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். குழாயை அறுக்காமலே அதன் சுவர் எவ்வளவு கெட்டி மிச்சம் இருக்கிறது என்று மிஷின் வைத்துச் சொல்கிற வேலை என்றேன். "அப்ப இத அறுக்காம சொல்லுங்க பாப்போம்" என்று ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தார். எனக்குப் பலாப்பழத்தைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, நல்லாப் பழுத்துருச்சு என்றேன். அறுத்தால் சுத்தக் காய். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். தெரியலைங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு பழத்துக்குச் சொல்லாதவன் குழாய்க்குச் சொல்லிவிடுவானா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. நீ ப்ளஸ் டூ படிக்கும்போது கெமிஸ்ட்ரி ரெக்கார்டில், செய்யாத ஒரு சோதனைக்குப் பக்கத்துப் பெண்ணுடையதைப் பார்த்து ரீடிங் எழுதி வைத்திருந்தாய். நான் கண்டுபிடித்து, உன்னை வண்டியில் உட்கார வைத்து, கீழ வீதி வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். டீச்சர் முன்னால் நிற்க வைத்து, "பாக்காதத எழுதுறது திருட்டுடி. சொல்லு, நான் செய்யலன்னு சொல்லு" என்றேன். நீ அழுதுகொண்டே சொன்னாய். டீச்சரே பொறுக்காமல், போதும் சார் விடுங்க என்றார். மூன்று நாள் நீ என்னோடு பேசவில்லை. அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் நான் இந்தக் கடையில் உட்கார்ந்து அந்த நான்கையும் எழுதியிருந்தேன். உன்னைத் திட்டும்போது அது ஞாபகம் வரவில்லையா என்றால், வந்தது. வந்ததால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன். நீ அன்றைக்குக் கற்றுக்கொண்டதை இன்றுவரை விடவில்லை. வேறு யாருடைய ரீடிங்காக இருந்தாலும் ஏறிப் பார்ப்பேன் என்று நேற்று சொன்னாயே, அது அதிலிருந்து வந்ததுதான். எனக்காக மட்டும் அதைத் தளர்த்தப் போகிறாய். என்னால் அதைத் தாங்க முடியவில்லை, கயலு.

இப்போது கணக்கைப் பார். புதிதாக வந்தபோது சுவர் எட்டரை மில்லிமீட்டர் கெட்டி இருந்த குழாய், நான் எழுதியதை நம்பினால், மெதுவாகத்தான் தேய்கிறது, இன்னும் பல வருஷம் தாங்கும். நடுவில் வந்தவர்கள் அந்தக் கணக்கைத்தான் போட்டார்கள். மூன்று மணிக்கு நீயும் அதையேதான் போடுவாய். உண்மை என்னவென்றால், எனக்கு முன்னால் வந்தவர்கள் அளந்ததோடு சரி, அந்த எல்போவை ஒருவரும் தொட்டு அளந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அது இன்றைக்கு எட்டு மில்லி இருக்கலாம், இரண்டு மில்லியும் இருக்கலாம். யாருக்கும் தெரியாது. அதற்கு நேர் கீழேதான் பம்பு வால்வுக்குப் போகிற வழி. ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு ஆள் அந்த வழியாகத்தான் போய் வருகிறான். வேறொரு ஊரில், வேறொரு ஆலையில், என் கண் முன்னால் ஒரு ஃபிட்டர் மேல் ஆசிட் தெறித்தது. தோளில் ஒரு கை அளவுதான். தண்ணீருக்கு அடியில் அவரை நாலு பேர் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் போட்ட சத்தத்தைப் பற்றி உன் அம்மாவிடம்கூட நான் இதுவரை சொன்னதில்லை.

நீ அடுத்து என்ன கேட்பாய் என்று தெரியும். இந்த ஒரு எல்போ மட்டும்தானா? இல்லை. இன்னும் ஒரு இடம் உண்டு, புதுச்சேரிப் பக்கம் ஒரு எண்ணெய் டேங்கின் கூரையில் ஆறு ரீடிங். அந்த டேங்கைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அப்போதே இந்த எல்போவுக்கும் வந்து சொல்லியிருக்க வேண்டும். இதையும் மாற்றியிருப்பார்கள், யாராவது அளந்திருப்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். அது நினைப்பு இல்லை, சோம்பேறித்தனமும் பயமும்.

காலையில் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எட்டு வருஷத்துக்கு முன்னாடி செஞ்சத விடுங்க. நேத்து புள்ளைகிட்டப் பொய் சொல்லிட்டு எப்படிங்க தூங்குனீங்க?" என்றாள். நான் தூங்கவில்லை என்றேன். "அப்ப இன்னும் ஏன் இங்க ஒக்காந்துருக்கீங்க? அவ பேசாமப் போனாலும் பரவால்ல, போயி சொல்லிட்டு வாங்க" என்று சட்டையை எடுத்துக் கொடுத்தாள். வழியில் பஸ் ஆலப்பாக்கம் வந்தபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுதுவதை நடுவில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. பதினொன்றே முக்காலுக்கு உங்கள் கேட்டிலிருந்து ஒரு லாரி வெளியே வந்தது. பார்த்தால் சாரக் குழாய், பலகை, கிளாம்ப் எல்லாம் ஏற்றியிருக்கிறார்கள். நீ ஒரு மணிக்கு வந்து, இதைப் படித்து, உள்ளே போய்ச் சாரம் வேண்டும் என்று கேட்டால், வண்டி போய்விட்டது என்பார்கள். நாளைக்குத்தான் வரும் என்பார்கள். நாளைக்கு ஆசிட் விடுகிற நாள். ரோட்டின் நடுவில் போய் நின்று கையைக் காட்டினேன். டிரைவர் திட்டினார். மேஸ்திரி கீழே இறங்கி வந்து, "என்னா சார், யாரு நீங்க?" என்றார். இந்தக் குழாயெல்லாம் மறுபடி உள்ளே தேவைப்படும், இரண்டு மணி வரைக்கும் நில்லுங்கள் என்றேன். "யாரு சொன்னா? எங்களப் போவச் சொல்லிட்டாங்க சார். அடுத்த வேல நெய்வேலில இருக்குது" என்றார். நான் உள்ளே வேலை பார்க்கிறவன் இல்லை, எனக்கு எந்த அதிகாரமும் இல்லை என்று சொல்லிவிட்டு, எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை அப்படியே அவரிடம் சொன்னேன். முன்பின் தெரியாத ஆளிடம் சொல்வது சுலபமாக இருந்தது. "அந்த ஆசிட் லைனா? அதுக்குக் கீழதான சார் எங்க பசங்க மூணு நாளா ஒக்காந்து சாப்புட்டானுங்க" என்றார். வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு, "ரெண்டு மணி. அதுக்கு மேல ஒரு நிமிசம் நிக்க மாட்டேன்" என்றார். இப்போது அந்த வண்டியில் வந்த நாலு பேரும் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் கேட்காத சாரத்தை இன்றைக்கு ஒரு வழியாகக் கேட்டுவிட்டேன்.

இனி நீ செய்ய வேண்டியது. இந்தக் கடிதத்தோடு தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் என் பெயர், என் சான்றிதழ் எண், அந்த ரிப்போர்ட்டின் எண், அந்த நான்கு ரீடிங்கும் நான் எடுத்தவை அல்ல என்ற ஒரு வரி, தேதி, கையெழுத்து. உங்கள் ஆபீசில் வாய்ப்பேச்சுக்கு மரியாதை இல்லை, காகிதம் இருந்தால்தான் வேலை நகரும். அதை உன் மேனேஜர் கையில் கொடு. என் பெயரை வெளியே விடாமல், சும்மா ஏறிப் பார்க்கணும் என்று கேட்டுச் சமாளித்துவிடலாம் என்று உனக்குத் தோன்றும். நீ அப்படிப்பட்டவள்தான், எனக்குத் தெரியும். செய்யாதே. ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதே, எதற்கு ஏற வேண்டும் என்று கேட்பார்கள், உன்னிடம் பதில் இருக்காது. அதைவிட, நாளைக்கு இது தானாக வெளியே வந்தால் அப்பனும் மகளும் சேர்ந்து மறைத்தார்கள் என்பார்கள். என்னோடு உன் பெயரும் போகும். என் சான்றிதழ் போகட்டும். இந்த வயதில் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? உன்னுடையது இரண்டு வருஷம்கூட ஆகாதது.

கத்துவார்கள். ஷட்டவுன் ஒரு நாள் தள்ளிப்போனால் எவ்வளவு நஷ்டம் தெரியுமா என்று கேட்பார்கள். ஒரு சின்னப் பெண் எங்களுக்குச் சொல்வதா என்ற முகத்தோடு பார்ப்பார்கள். கத்தல் பத்து நிமிஷம்தான் இருக்கும். நான் அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பயந்தவன். நீ அப்படியே நின்றுகொண்டிரு, கத்தி முடித்ததும் மறுபடியும் கேள். அந்த ஒன்பது மணிப் பக்கத்தை எப்படிப் பார்ப்பது என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும், அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. என்னைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்றால் நான் இங்கேயேதான் இருப்பேன். எத்தனை மணி ஆனாலும் இருப்பேன்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. அதற்கெல்லாம் அப்புறம் நாள் இருக்கிறது, இல்லாமலும் போகலாம். உனக்கு என் மேல் இருந்த நம்பிக்கை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இருபத்தைந்து வருஷமாக அதை வைத்துக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி நடந்துகொண்டிருந்தேன். அதை இன்றைக்கு இழக்கப் போகிறேன் என்று தெரிந்தும் தயங்காமல் எழுதுகிறேன் என்று சொன்னால் அதுவும் பொய்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கிறது. கேட் திறந்துவிட்டது. மஞ்சள் ஹெல்மெட்டுகளாக வருகின்றன. நீ மூன்றாவதாக வருகிறாய். செக்யூரிட்டி உன்னிடம் ஏதோ சொல்லி இந்தப் பக்கம் கை காட்டுகிறார். நீ திரும்பிப் பார்த்துவிட்டாய், கையை ஆட்டுகிறாய், முகமெல்லாம் சிரிப்பு. ரோட்டைத் தாண்டி வந்ததும், என்னப்பா திடீர்னு, சாப்ட்டியா, வா ரெண்டு பேரும் சாப்புடலாம் என்பாய். என் கையில் இருப்பதை முதலில் வாங்கிப் படி. அதன் பிறகும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று உனக்குத் தோன்றினாலும் இன்றைக்கு வேண்டாம், நேரமில்லை. உடனே உள்ளே போ.